சோம்பல் கண் பிள்ளையின் ஓ.சி.டி. தாளைப் படிப்பது எப்படி

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் ஓ.சி.டி. இயந்திரத்தை, அதாவது ஒளியைக் கொண்டு கண்ணின் உள்அடுக்குகளைப் படம் எடுக்கும் கருவியை, இயக்குகிறவள் நான். வீடு சுங்கை சிப்புட்டில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் நான் யாருடைய மகள் என்பது பாதி ஊருக்குத் தெரியும். ஆகவே இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போதும் மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்கும்போதும் யாராவது ஒருவர் நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டுவார். "அக்கா, பிள்ளைக்குச் சோம்பல் கண்ணாம். நரம்பு எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

நான் மருத்துவர் அல்ல. இன்ன நோய் என்று சொல்வது என் வேலையும் அல்ல. தாளில் எது எங்கே இருக்கிறது, எந்த எண்ணை நம்பலாம், எதைக் கண்டால் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படம் எதற்காக எடுக்கிறார்கள்?

சோம்பல் கண்ணைக் கண்டுபிடிப்பது இந்த இயந்திரம் அல்ல. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தாதிகள் வந்து ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி எழுத்துப் பலகையைப் படிக்க வைக்கிறார்களே, பல பிள்ளைகளுக்கு விஷயம் வெளிப்படுவது அங்கேதான். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை பிள்ளை ஓடுகிறது, பந்து பிடிக்கிறது, தொலைக்காட்சி பார்க்கிறது. ஒரு கண் சும்மா இருப்பது பிள்ளைக்கே தெரியாது. அதன் பிறகு சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்ப்பார்கள். சிறு பிள்ளைகள் கண்ணை உள்ளுக்குள் முறுக்கிப் பவரை மறைத்துவிடுவார்கள். அந்த முறுக்கை மருந்து சற்று நேரம் தளர்த்தி வைக்கிறது. மாறுகண் இருக்கிறதா, புரை இருக்கிறதா, இமை தொங்கி மறைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவற்றில் ஏதோ ஒன்று சின்ன வயதில் ஒரு கண்ணின் தெளிவைக் கெடுத்திருக்கும். மூளை தெளிவான கண்ணையே நம்பிப் பழகி மற்றதை ஒதுக்கியிருக்கும். அப்படி ஒதுக்கப்பட்ட கண்தான் சோம்பல் கண்.

மாறுகண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நாளைக் கடத்தும் பாட்டிமார்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதிர்ஷ்டம் எங்கும் ஓடிவிடாது, முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

கோளாறின் இடம் மூளை என்பது ஊகம் அல்ல. டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் தரும் செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை மூடிப் பார்த்தால் அப்படி நேரவில்லை. 1981ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. சின்ன வயதிலேயே சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதன் வேர் இதில்தான் இருக்கிறது.

அப்படியானால் கண்ணை எதற்குப் படம் எடுக்கிறார்கள்? வேறு நோய் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள. கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைப் பிளாஸ்டர் ஒட்டி மூடியும் பார்வை ஏறாமல் நிற்கும் பிள்ளைக்கு, நரம்பிலோ விழித்திரையின் நடுப்பகுதியிலோ உண்மையான சேதம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். அதற்குத்தான் இந்தத் தாள்.

விழித்திரையின் உள்பரப்பில் பத்து முதல் பன்னிரண்டு லட்சம் மெல்லிய நரம்பு இழைகள் படர்ந்து வந்து, ஒன்றுகூடிப் பார்வை நரம்பாகி மூளைக்குச் செல்கின்றன. நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாயைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் விட்டத்தில் இயந்திரம் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் இழை அடுக்கின் தடிப்பை அளக்கிறது. அலகு மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பயன்படுவது அகச்சிவப்பு ஒளி. எக்ஸ்ரே இல்லை, ஊசி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட முறை இது.

எடுக்கும் நாளில்

தாள் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளை பசியாறிவிட்டு வரட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு பதிவு வரிசையில் காத்திருந்த ஆறு வயதுப் பிள்ளை தாடையைத் தாங்கியில் வைத்ததும் தூங்கி விழும். மைலோவும் இரண்டு ரொட்டியும் போதும். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள். படத்துக்குக் கழற்றச் சொல்வோம், ஆனால் அதன் பவர் எங்களுக்குத் தேவை.

உட்கார்ந்ததும் நான் முதலில் நாற்காலியின் உயரத்தைப் பார்ப்பேன். கழுத்தை நீட்டித் தாடையை வைக்கிற பிள்ளை சில நொடிகளில் நெற்றியைப் பட்டையிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடும். நெற்றி விலகினால் படத்தின் ஓரம் இருண்டுவிடும். அம்மா பின்னால் நின்று தலையை மெல்லப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அழுத்திப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கை பட்டால் போதும்.

"இமைக்காதே, இமைக்காதே" என்று பின்னாலிருந்து கத்தாதீர்கள். கண்ணில் நீர் முட்டி, படம் மங்கிவிடும். இரண்டு முறை நன்றாக இமைத்துவிட்டு, பெரிதாகத் திறந்து உள்ளே தெரியும் புள்ளியைப் பார்க்கச் சொல்வேன். நல்ல கண் புள்ளியைக் கவ்விக்கொள்ளும். சோம்பல் கண்ணுக்கு அதுதான் சிரமம். புள்ளியை ஒரு கணம் பிடிக்கும், நழுவும், மறுபடி தேடும். திரையில் நரம்பின் வட்டம் மீன் போல் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணின் அசைவைத் தானே பின்தொடரும் இயந்திரம் என்றால் தப்பித்தோம். இல்லாவிட்டால் மறுபடி மறுபடி எடுக்க வேண்டியதுதான். அதனால் உங்கள் பிள்ளைக்கு ஒரு கண்ணை மட்டும் பல முறை எடுத்தால் பதறாதீர்கள். அந்தக் கண்ணில் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அதற்குப் பொருளல்ல.

தாளைக் கையில் எடுத்தால்

பெயர், பிறந்த தேதி, எடுத்த தேதி சரியா என்று பாருங்கள். பிறந்த தேதி தவறாக இருந்தால் ஒப்பீடு முழுவதும் தவறாகிவிடும். ஓ.டி. என்றால் வலக்கண், ஓ.எஸ். என்றால் இடக்கண். எந்தக் கண் சோம்பல் கண் என்பதை இப்போதே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எண்களுக்குத் தாவாமல் படத்தின் தரத்தைப் பாருங்கள். சிர்ரஸ் வகை இயந்திரத்தில் சிக்னல் பத்துக்கு இத்தனை என்று போட்டிருக்கும். ஆறுக்குக் கீழே என்றால் அந்தத் தாளின் எண்களை நம்பி மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்பெக்ட்ராலிஸ் வகையில் கணக்கு நாற்பதுக்கு. பதினைந்துக்குக் கீழே போனால் மோசம். பிறகு நரம்பைச் சுற்றியுள்ள வட்டம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நரம்பை ஒட்டி விழுந்தால் அந்தப் பக்கம் தடிப்பாகவும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் காட்டும். புள்ளியை நிலையாகப் பார்க்க முடியாத சோம்பல் கண்ணில் இப்படி நேர வாய்ப்பு அதிகம். படத்தின் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கணத்தில் பிள்ளை இமைத்திருக்கிறது அல்லது விழியை அசைத்திருக்கிறது.

இவை எல்லாம் சரி என்றால் சராசரித் தடிப்பைப் பாருங்கள். ஆரோக்கியமான கண்ணில் பெரும்பாலும் 90 முதல் 110 மைக்ரானுக்குள் இருக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். ஒரே இயந்திரத்தில் ஒரே கண்ணை மறுபடி எடுத்தாலே நாலைந்து மைக்ரான் முன்பின் ஆகும்.

வட்டத்தை நான்காகப் பிரித்து எஸ், என், ஐ, டி என்று எழுதியிருப்பார்கள். எஸ் மேல்பக்கம், ஐ கீழ்ப்பக்கம், என் மூக்குப் பக்கம், டி காதுப் பக்கம். மேலும் கீழும் தடிப்பு அதிகம், பக்கவாட்டில் குறைவு. காதுப் பக்கம்தான் வழக்கமாக மிக மெல்லியது. அதனால் வரைகோடு இரண்டு திமில் கொண்டதாகத் தெரியும். காதுப் பக்கம் 70, கீழே 130 என்று இருந்தால் அது பழுதல்ல, கண்ணின் இயல்பு.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வண்ணங்கள்தான் பெற்றோர் தூக்கத்தைக் கெடுப்பவை. ஆரோக்கியமான ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டு, மிக மெலிந்த நூற்றில் ஒருவர் வரிசையில் விழுந்தால் சிவப்பு, நூற்றில் ஐவர் வரிசையில் விழுந்தால் மஞ்சள், மற்றவை பச்சை. மிகத் தடித்தவை சில இயந்திரங்களில் வெள்ளை. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் யார்? பல இயந்திரங்களில் 18 வயதைக் கடந்தவர்கள் மட்டுமே. ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்ணமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் தாள் வருவதும் இதனால்தான். இயந்திரம் பழுது என்று ஒரு தந்தை என்னிடம் சீறினார். உண்மையில் இயந்திரம் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது, தனக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்ல ஒப்பீடு அதன் மறு கண்தான்.

இரண்டு கண்ணையும் பக்கத்தில் வைத்தால்

செம்பனைக் குலை லாரி ஓட்டும் ஒருவர் தம் மகனின் தாளைக் காட்டினார். சோம்பல் கண் 108, நல்ல கண் 103. "கெட்ட கண்ணில் நரம்பு தடித்திருக்கிறதே, வீக்கமா அக்கா?" என்று கேட்டார். நான் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பையனின் கண்ணாடிச் சீட்டைக் கேட்டேன். நல்ல கண்ணுக்கு பிளஸ் ஒன்று, சோம்பல் கண்ணுக்கு பிளஸ் ஐந்து. விடை அதிலேயே இருந்தது.

பிளஸ் பவர் அதிகமான கண் முன்பின் நீளத்தில் குட்டையாக இருக்கும். மைனஸ் பவர் கண் நீளமாக இருக்கும். சுவருக்கு அருகே நின்று டார்ச் அடித்தால் ஒளிவட்டம் சிறியது, பின்னால் போய் அடித்தால் பெரியது. இயந்திரம் போடும் வட்டமும் அப்படியே. குட்டைக் கண்ணில் வட்டம் சிறுத்து நரம்பை ஒட்டி விழும். அங்கே இழைகள் நெருக்கமாக இருப்பதால் தடிப்பு கூடுதலாகக் காட்டும். நீளக் கண்ணில் வட்டம் தள்ளி விழும். இழைகள் அங்கே பரவிவிடுவதால் மெலிந்து காட்டும். கண் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அளவில் சுமார் இரண்டு மைக்ரான் குறையும். ஆகவே கண்ணாடிச் சீட்டு பக்கத்தில் இல்லாமல் இரண்டு கண்ணின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

இரண்டு கண்ணுக்கும் இடையே சிறிய வேறுபாடு ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. பெரியவர்களில் சராசரித் தடிப்பு 9 மைக்ரான் வரை வேறுபடுவதை இயல்பாகவே கொள்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பவர் வேறுபாட்டால் வந்த சோம்பல் கண்ணில் நரம்பு இழை அடுக்கு சற்றுத் தடித்திருந்தது. மாறுகண்ணால் வந்ததில் அப்படி இல்லை. அமெரிக்காவின் குழந்தைக் கண் நோய் ஆய்வுக் கூட்டமைப்பு 2009இல் வெளியிட்ட அளவுகளில் சோம்பல் கண் சராசரி சுமார் 111, மறு கண் 110. வேறுபாடு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். பிறகு வந்த ஆய்வுகளும் இந்த இரண்டு கரைக்கும் இடையில்தான் நிற்கின்றன.

தடிப்புக்கு ஒரு விளக்கமும் சொன்னார்கள். கருவில் தேவைக்கு மேல் நரம்பு இழைகள் முளைத்துப் பிறகு உதிர்கின்றன. சோம்பல் கண்ணில் அந்த உதிர்வு நின்றுபோவதால் அடுக்கு தடித்திருக்கலாம் என்பது அந்த வாதம். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கருவின் நான்காம் மாதவாக்கில் 35 லட்சத்துக்கு மேல் இருக்கும் இழைகளில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடுகிறது. பவர் வேறுபாடு தன் வேலையைக் காட்டுவதோ பிறந்த பிறகு. கண்ணின் நீளத்தைக் கணக்கில் சேர்க்காத ஆய்வு எதையும் நான் அரை மனத்தோடுதான் படிப்பேன்.

லாரிக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வீக்கமாக இருந்தால் மருத்துவர் நரம்பின் படத்தையும் பார்த்துச் சொல்லியிருப்பார், ஐந்து மைக்ரான் வேறுபாட்டை இந்தக் கண்ணாடிப் பவரும் அளவில் வழக்கமாக வரும் முன்பின்னும் சேர்ந்தே உண்டாக்கிவிடலாம், அடுத்த முறை போகும்போது அவரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கேட்டே ஆக வேண்டியது எப்போது?

சோம்பல் கண்ணில் எண் தெளிவாகக் குறைந்திருக்கும்போது. சோம்பல் கண் தன்னளவில் நரம்பை அப்படித் தேய்ப்பதில்லை. நல்ல கண் 100, மற்றது 65 என்று தாள் காட்டுகிறது, சிக்னலும் நன்றாக இருக்கிறது, வட்டமும் நடுவில் இருக்கிறது, மைனஸ் பவரும் பெரிதாக இல்லை என்றால், "இது வெறும் சோம்பல் கண்தானா டாக்டர்?" என்று கேளுங்கள். பிறவியிலேயே பார்வை நரம்பு சிறுத்திருக்கலாம். வேறு காரணத்தால் நரம்பு வாடியிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாளெல்லாம் நல்ல கண்ணை மூடி வைத்து, முன்னேறவில்லையே என்று திட்டுவது கொடுமை. பிறவியில் நரம்பு சிறுத்த பிள்ளைக்கு மூளை, ஹார்மோன் பரிசோதனைகளும் தேவைப்படலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்பு எடுத்ததைவிட இப்போது அதே கண்ணில் பத்து மைக்ரானுக்கு மேல் குறைந்திருந்தாலும் கேளுங்கள். தலைவலி, காலையில் வாந்தி, திடீர் மாறுகண் ஆகியவை சேர்ந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நரம்பு நன்றாக இருக்கிறதே, பிளாஸ்டர் எதற்கு?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பாட்டி. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பிளாஸ்டர் ஒட்டும் பொறுப்பு அவர் தலையில். பிள்ளை அழுகிறது, வியர்க்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். தாள் நன்றாக இருக்கிறது என்றதும் விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும். விடக் கூடாது. கண்ணின் கம்பிகள் சரியாக இருப்பதால்தான் மூளையைப் பழக்கினால் பலன் வரும் என்று நம்பிக்கையோடு ஒட்டச் சொல்கிறார்கள். நல்ல தாள் சிகிச்சையைத் தொடரச் சொல்லும் தாள்.

முதலில் கண்ணாடி. பவர் வேறுபாட்டால் சோம்பல் கண் வந்த, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 2006ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், கண்ணாடி மட்டும் போட்டே நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குக் குறை நீங்கியது. பள்ளிக்கு மட்டும் போடுவது கணக்கில் வராது. எழுந்தது முதல் படுக்கும்வரை போட வேண்டும்.

பிறகு தேவையானால் பிளாஸ்டர். எத்தனை மணி நேரம் என்பது மருத்துவர் சொல்வது. நடுத்தரமான சோம்பல் கண்ணுக்கு நாளுக்கு 2 மணி நேரம் ஒட்டியதும் 6 மணி நேரம் ஒட்டியதும் ஒரே பலனைத் தந்தன என்று 2003இல் காட்டினார்கள். அதிகம் ஒட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நீங்களாகவே கூட்ட வேண்டாம். நல்ல கண் மங்கிவிடும் ஆபத்தும் உண்டு. பிளாஸ்டரை முகத்தில் ஒட்டி அதன் மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் துணி சுற்றினால் பிள்ளை மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடும். நம் வெயிலில் மதியம் ஒட்டினால் பசை வியர்வையில் ஊறித் தோல் சிவக்கும். குளிப்பாட்டித் துடைத்து, மாலையில் காற்றாடி அடியில் உட்கார வைத்து ஒட்டுங்கள். அந்த நேரத்தில் வண்ணம் தீட்டட்டும், பாடம் எழுதட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும். பக்கத்தில் வைத்துச் செய்யும் நுணுக்கமான வேலையாக இருந்தால் நல்லது. பிளாஸ்டரை அறவே ஏற்காத பிள்ளைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு மங்க வைக்கும் வழியும் இருக்கிறது. அதுவும் பலன் தருவதுதான், கேட்டுப் பாருங்கள்.

பத்து வயதாகிவிட்டது, இனி என்ன பயன் என்று கைவிட்டுவிடாதீர்கள். 2005இல் வந்த ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சிகிச்சையால் பார்வை கூடியது. பதின்ம வயதில் பலன் குறைவு. ஆனாலும் முன்பு சிகிச்சையே பெறாதவர்களில் பலருக்கு அப்போதும் முன்னேற்றம் தெரிந்தது.

முன்னேற்றத்தை ஓ.சி.டி. எண்ணில் தேடாதீர்கள். பார்வை நான்கு வரி ஏறியிருக்கும், நரம்பின் தடிப்போ அதே 108இல் நிற்கும். அளக்க வேண்டியது எழுத்துப் பலகையில். ஒவ்வொரு முறை போகும்போதும் சோம்பல் கண் எந்த வரி வரை படித்தது என்று கேட்டு, தேதி போட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். தாளை மடிக்காமல், கண்ணாடிச் சீட்டோடு சேர்த்து ஒரே கோப்பில் போடுங்கள். படத்தை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் கோப்பை அப்படியே எடுத்துச் செல்லலாம். பிளாஸ்டரை நிறுத்திய பின் ஓராண்டுக்குள் நான்கில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. எனவே குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகும் கொடுத்த தேதிகளில் போய்ப் பலகையைப் படிக்க வையுங்கள். ஓ.சி.டி. மறுபடி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். நீங்களாகக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை.